பழைய சுவருக்குச் சிமெண்ட் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தோட்டப் பட்டணத்தின் பழைய மண்டபத்தைப் புதுப்பித்து நகராண்மைக் கழக அலுவலகமாக்குகிறார்கள். இடித்துக் கடைவீடு கட்டாமல் விட்டார்களே, அதுவே பெரிய சந்தோஷம். ஆனால் நடக்கும் வேலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமெண்டை அப்புகிறார்கள். பழைய செங்கல் சுவர் சுண்ணாம்பு வழியாகத்தான் ஈரத்தை வெளியேற்றும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டால், நம் ஊர் மழைக்குச் சுவருக்குள் உப்புப் பூத்து, செங்கல் பொடிப்பொடியாகக் கொட்டும். பழைய கட்டடங்களைக் காப்பதற்கான மலேசியாவின் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த குத்தகையாளரை அமர்த்துங்கள்.

அப்புறம், வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும் வேண்டும். மதிப்பீட்டு வரி (வீட்டு வரி) கட்ட வருகிறவர்களில் பலர், பால்மரக் (ரப்பர்) காட்டில் நடந்தே முழங்கால் தேய்ந்தவர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பேராக்