குப்பிக்குள் காணாமல் போன சர்க்கரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரத்தப் புற்றுநோய் அணுக்கள் எதைத் தின்று பெருகுகின்றன என்பதை வைத்தே சிகிச்சை எடுபடுமா என்று முன்கூட்டிக் கணிக்கலாம் என்ற கட்டுரையைப் போன வாரம் உங்கள் இதழில் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் மதுரையில் முப்பத்தோரு வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்த எனக்கு அதில் ஒரு விஷயம் விட்டுப்போனதாகப் பட்டது. அதைச் சொல்ல ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், சித்திரை மாதம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம், பதினேழு வயது. மூன்று வாரமாக விடாத காய்ச்சல், பல் விளக்கினால் ஈறில் ரத்தம். ஊரிலேயே ரத்தம் எடுத்து, குப்பிகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அப்பா கையிலேயே கொடுத்துவிட்டார்கள். பையனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, நான் வேலை பார்த்த லேபுக்கு அவர் வந்து சேர மூன்று மணி நேரம். வந்த பிறகும் கவர் எங்கள் கவுண்டரில் ஒரு மணி நேரம் கிடந்தது. குப்பி மேல் பெயர் மட்டும் இருந்தது, ரத்தம் எடுத்த நேரம் எழுதவில்லை.

சர்க்கரை 31 என்று வந்தது. 31 என்றால் ஆள் மயங்கிக் கிடக்க வேண்டும். பையனோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தான். விரலில் குத்திப் பார்த்தேன், 98. வயலட் மூடிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் புரிந்தது. அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் நீர், இரண்டுக்கும் நடுவே கோடு போல இருக்க வேண்டிய வெள்ளை அணுப் படலம் பாலாடை மாதிரி அரை விரல்கடைக்குத் தடித்திருந்தது. வெள்ளை அணு எண்ணிக்கை இரண்டு லட்சத்து அறுபதாயிரம். உசிலம்பட்டியிலிருந்து வந்த வழியெல்லாம் பெருகிப்போன அந்தப் புற்றுநோய் அணுக்கள் குப்பிக்குள்ளிருந்த சர்க்கரையைத் தின்றுகொண்டே வந்திருக்கின்றன.

புற்றுநோய் அணுவின் இந்தப் பசியை 1920களிலேயே கவனித்தவர் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க். பிராணவாயு தாராளமாகக் கிடைத்தாலும் அது சர்க்கரையை முழுதாக எரிக்காமல் லாக்டேட்டாக மாற்றிக் கொட்டுகிறது என்றார். 2014இல் ஷாங்காய் மருத்துவர்கள் ஏ.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய் உள்ள 400 பேரின் சீரத்தையும் (அணுக்கள் நீங்கிய ரத்த நீர்) நோயில்லாத 446 பேரின் சீரத்தையும் ஒப்பிட்டார்கள். லாக்டேட், பைருவேட், சிட்ரேட் உள்பட சர்க்கரை உடைவதோடு சம்பந்தப்பட்ட ஆறு பொருட்களின் அளவைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போட்டால், யாருக்கு நோய் கடுமையாகப் போகும் என்பது ஓரளவு பிடிபட்டது. இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. சர்க்கரையை வேகமாக உடைக்கும் அணுக்களிடம் இந்த நோய்க்கு வழக்கமாகப் போடும் சைட்டரபின் மருந்து சரியாக வேலை செய்வதில்லை. அந்த வேகத்தை ஆய்வகத்தில் தடுத்தபோது அதே மருந்து நன்றாகப் பிடித்தது. ஆகவே இதை ஜாதகம் பார்ப்பது போல யாரும் நினைத்துவிடக் கூடாது. எந்த இடத்தில் கை வைத்தால் மருந்து கேட்கும் என்பதற்கான துப்பு இது. அந்த ஆறில் ஒன்றான 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட், ஐ.டி.எச். என்ற மரபணு பிசகியவர்களிடம் ஏராளமாகச் சேரும். அந்தப் பிசகைக் குறிவைக்கும் மாத்திரைகளுக்கு அமெரிக்காவில் 2017லும் 2018லும் அனுமதியே கிடைத்துவிட்டது.

நான் சொல்ல வந்தது இதுதான். லாக்டேட்டையும் பைருவேட்டையும் அளந்து ஆயுளைக் கணிக்கப் போகிறோம் என்றால், குப்பி வெயிலில் பஸ் ஏறி வரக் கூடாது. வெளியே எடுத்த ரத்தத்திலும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சர்க்கரை இறங்கும், லாக்டேட் ஏறும். சர்க்கரை உடைவதைத் தடுக்கும் ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குப்பி இருக்கிறதே என்பார்கள். அது முழுதாக வேலை செய்யவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். லட்சக்கணக்கில் வெள்ளை அணு உள்ளவருக்கு அது போதவே போதாது. ஐஸில் வைத்து, அரை மணிக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, நீரைத் தனியாகப் பிரித்தாக வேண்டும். அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதியை அளக்க, எல்.டி.எச். என்று சாதாரண லேபிலேயே பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது, இந்த நோயின் வேகத்தை அதுவும் காட்டும். குலுங்கி வந்த குப்பியில் சிவப்பணு உடைந்தால் அதுவும் பொய்யாக ஏறிவிடும்.

தேனி, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என்று சுற்றுவட்டாரமெல்லாம் வந்து சேரும் ஊர் மதுரை. ஷாங்காய்க் கணக்கு ஷாங்காய் நோயாளிகளின் கணக்கு. நம் மக்களுக்கும் அந்த மதிப்பெண் பொருந்துகிறதா என்று பார்க்க, நோய் கண்டுபிடித்த அன்றே, முதல் ஊசி போடுவதற்கு முன், சம்மதம் கேட்டு எடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த நீர் மைனஸ் 80 டிகிரியில் பத்திரமாக இருக்க வேண்டும். பெரியாஸ்பத்திரி மாதிரி பெரிய இடங்களில் இதை ஒரு வழக்கமாகவே ஆக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியூர் கலெக்‌ஷன் சென்டரில் ஒரு ஐஸ் பெட்டி வைக்கவும், ரத்தம் எடுத்த நேரத்தைக் குப்பி மேல் எழுதவும் எவ்வளவு செலவாகிவிடும்?

அந்தப் பையன் ஆடி மாதம் வரை இருந்தான். “பிழைச்சுக்குவானா சார்?” என்று அவன் அப்பா ஒவ்வொரு தடவையும் என்னிடம்தான் கேட்பார், டாக்டரிடம் கேட்கப் பயந்துகொண்டு.

லேப் பயிற்சி மாணவர்களுக்கு ரத்தம் எடுப்பது, பிரிப்பது, அனுப்புவது பற்றி வகுப்பு நடத்த எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் வருகிறேன். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
செல்லூர், மதுரை.