ஒத்திகைக்கும் மைதானம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். போன வாரம் நாங்கள் மைதானத்து மரத்தடியில் போட்ட நாடகம் பாதியில் நின்றதற்கு மாணவர்கள் சரியாகத் தயாராகாததே காரணம் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஆறு வாரம் ஒத்திகை பார்த்தோம். எல்லாம் வகுப்பறைக்குள். மைதானத்தில் கால் வைத்தது நாடகத்தன்றுதான். அறையில் நான்கு சுவரும் குரலைத் திருப்பித் தரும். வெட்டவெளியில் போன குரல் போனதுதான். தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எங்கே திரும்பி நின்று பேசினால் கேட்கும் என்பதெல்லாம் நின்று பழகினால்தான் தெரியும்.

அம்மாவாக நடித்தவள், பின்வரிசையில் "கேட்கலை" என்று குரல் வந்ததும் தொண்டை கிழியப் பேசினாள். மூன்றாம் காட்சியில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மகனாக நடித்தவன் கண்ணில் சாயங்கால வெயில் நேராக அடித்ததால், அவள் தவிப்பது அவனுக்குத் தெரியவே இல்லை. அப்புறம் மூன்று நாள் அவள் எங்களிடம் நோட்டில் எழுதிக் காட்டித்தான் பேசினாள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். நாடகத்துக்கு முந்தைய ஐந்து நாளும், அதே இடத்தை, அதே நேரத்தில் ஒத்திகைக்குக் கொடுங்கள்.

அரங்கத்துக்குள் மைக் வைத்துப் போடலாமே என்கிறீர்கள். திறந்தவெளி நாடகம் எங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. 1599இல் லண்டனில் கட்டிய குளோப் அரங்கில்கூட நடுமுற்றத்துக்குக் கூரை கிடையாது. பகல் வெளிச்சத்தில், மைக் இல்லாமல்தான் நடித்தார்கள். வழியில் போகிறவரை நிறுத்திப் பார்க்க வைப்பது தனி வித்தை. அதைக் கற்கத்தான் இந்தத் துறையில் சேர்ந்தோம்.

போட்டி வந்தால் விளையாட்டு அணிக்குத் தினமும் மைதானம் கிடைக்கிறது. கிடைக்கட்டும், அது நியாயம். நாங்கள் மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் நாலு கையெழுத்துக்கு அலைந்து, அன்றைக்கு மதியம்தான் அனுமதி வாங்க வேண்டும்? நாடகம் என்றால் பொழுதுபோக்கு என்ற நினைப்புதானே காரணம்? வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாடகம் அடுத்த மாதக் கடைசியில். ஐந்து நாள், அதே இடம், அதே நேரம். தயவுசெய்து இப்போதே எழுத்தில் அனுமதி கொடுங்கள். அதிலும் அவளுக்குத்தான் முக்கிய வேடம்.

இப்படிக்கு,
நாடகத் துறை இறுதியாண்டு மாணவர்கள்