தம்பிக்கு: நாற்பது பல்லாங்குழியும் உன் கார் ஷெட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ அனுப்பிய டேபிள் சா (மேஜையோடு சேர்ந்த வட்ட ரம்ப மெஷின்) படத்தைப் பார்த்தேன். "இதை வாங்கிவிட்டால் நவராத்திரிக்குள் நாற்பது பல்லாங்குழி முடித்துவிடலாம், இல்லையா அக்கா?" என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். வீட்டுக் கொல்லையிலும் கார் ஷெட்டிலும் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிற பலரும் என்னிடம் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

கொலு பார்க்க வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், கையால் செய்த பல்லாங்குழி கொடுக்கலாம் என்று உனக்குத் தோன்றியதே, அதற்காகவே உன்னைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டேபிள் சாவை இந்த வருஷம் வாங்காதே. பல்லாங்குழியில் அறுக்கிற வேலை ரொம்பக் கொஞ்சம். கீல் போட்டு மூடித் திறக்கிற மாதிரி ஒரு பலகைக்கு இரண்டு பாதி. சேதாரத்துக்கு நாலு சேர்த்து 44 பலகை என்று வைத்துக்கொண்டால் 88 துண்டு. மரக்கடைக்குப் பக்கத்து அறுவைப் பட்டறையில் ஒரே காலையில் அறுத்து, இழைப்பு மெஷினில் விட்டு, ஒரே கனத்தில் கொடுத்துவிடுவார்கள். அதற்கு ஆகிற கூலியையும் உன் மெஷின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார். அப்புறம் இன்னொன்று. டேபிள் சாவில் மரம் எகிறி ஆள் மேல் பாய்வது கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். அதைப் பழக நிதானமான மாதங்கள் வேண்டும். பண்டிகை நெருக்கடியில் பழகக் கூடாத மெஷின் அது.

உன் வேலை முழுக்கக் குழியில் இருக்கிறது. பலகைக்கு 14 குழி, நாற்பது பலகைக்கு 560. நீ சித்திரையில் செய்த அந்த ஒரு பலகையில் குடைவு உளியும் கொட்டாப்புளியுமாக ஒரு குழிக்குக் கால் மணி நேரம் எடுத்ததாகச் சொன்னாய். அந்தக் கணக்கில் 140 மணி நேரம். ஆபீஸ் விட்டு வந்து தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுபது நாள். ரூட்டரும் (சுழலும் வெட்டுமுனையால் மரத்தைக் குடைகிற கை மெஷின்) ஒரு வார்ப்புப் பலகையும் (குழி வர வேண்டிய இடத்தில் ஓட்டை போட்ட அச்சுப் பலகை) இருந்தால் குழிக்கு இரண்டு நிமிஷம், மொத்தம் பத்தொன்பது மணி நேரத்துக்குள் முடியும். ஆகவே பட்டறையை மேம்படுத்துவது என்றால் உனக்கு இந்த 560 குழிக்கான ஏற்பாடுதான். காசும் யோசனையும் அங்கேதான் போக வேண்டும்.

வார்ப்புப் பலகையைச் செய்யவே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கு. நான் இரண்டு ஞாயிறு எடுத்துக்கொண்டேன். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) எடுத்து, பலகையின் ஒரு பாதிக்கு 50 மில்லிமீட்டர் விட்டத்தில் ஏழு ஓட்டை, நடுவில் 8 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டு முனையிலும் அதே 8 விட்டால் நீளம் 414 வரும். 415 என்று வைத்துக்கொள். அகலம் 80. தண்டை ஒட்டி மேலே தாங்கி (பேரிங்) உள்ள கிண்ண பிட், அதாவது ரூட்டரில் மாட்டுகிற கிண்ண வடிவ வெட்டுமுனை வாங்கு. தாங்கி வார்ப்பின் ஓரத்தில் உருண்டு போகும், கீழே பிட் அதே அளவில் குழியை வெட்டும். 12 மில்லிமீட்டர் வார்ப்பு போதாதா என்று கேட்பாய். போதாது. பிட்டின் வெட்டும் பாகம் மரத்தைத் தொடுவதற்கு முன்பே தாங்கி வார்ப்பைத் தொட்டிருக்க வேண்டும். வார்ப்பு மெல்லிசாக இருந்தால் தாங்கி அந்தரத்தில் நிற்கும், பிட் வார்ப்பையே கடித்துவிடும். எனக்கு அப்படி ஆனது. ஓட்டைகளின் உள் ஓரத்தில் மெல்லிசான சூப்பர் க்ளூ தடவிக் காயவிட்டால் எம்டிஎஃப் கெட்டியாகும், நாற்பது பலகைக்கும் தாங்கும்.

பிட் வாங்கும்போது தண்டின் அளவை உன் ரூட்டரின் காலெட்டோடு (பிட்டின் தண்டைப் பிடிக்கிற வாய்) ஒப்பிட்டுப் பார். 6 மில்லிமீட்டரும் கால் அங்குலமும் பார்வைக்கு ஒன்றுதான். கால் அங்குலம் என்பது 6.35. ஒன்றில் மற்றதை முடுக்கினால் ஒன்று நுழையாது, அல்லது பிடிக்காமல் சுழலும்போதே இறங்கிவரும். இதை மட்டும் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்காதே, அளந்து வாங்கு.

நேராக ரூட்டரால் குழி தோண்டாதே. முதலில் பெஞ்ச் ட்ரில்லிங் மெஷினில் 38 மில்லிமீட்டர் ஃபார்ஸ்ட்னர் பிட்டால் (தட்டையான அடியோடு பெரிய ஓட்டை போடுகிற பிட்) பெரும்பகுதி மரத்தை எடுத்துவிடு. ரூட்டருக்குப் பாரம் குறையும், ஓரம் கருகாது, சத்தமும் பாதி நேரத்தோடு நிற்கும். மெஷின் மேஜையில் ஒரு வேலிக்கட்டையும் தடைக்கட்டையும் பொருத்திவிட்டால் அளக்காமலே ஓட்டை அதே இடத்தில் விழும். வேகத்தைக் குறைத்து வை, நிமிஷத்துக்கு 500 சுற்றுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஃபார்ஸ்ட்னரின் நடுக்கூர் ஓட்டையைவிடச் சில மில்லிமீட்டர் ஆழமாக இறங்கும். பலகை 25 கனம், குழி 16 ஆழம் என்றால் ஃபார்ஸ்ட்னரை 11 ஆழத்தோடு நிறுத்து. இல்லையென்றால் ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு புள்ளி விழும், அதைத் தேய்த்து எடுக்க முடியாது.

நீ ஒரே ஒரு மெஷின்தான் வாங்குவாய் என்றால் அந்த பெஞ்ச் ட்ரில்லிங் மெஷினை வாங்கு. கோயம்புத்தூரில் பழையது நல்ல நிலையில் கிடைக்கும். நான் தேடித் தருகிறேன்.

வேலையைப் பலகை பலகையாகச் செய்யாமல் கட்டம் கட்டமாகச் செய். இன்று 88 துண்டிலும் ஃபார்ஸ்ட்னர் மட்டும். நாளைக்கு 88 துண்டிலும் ரூட்டர் மட்டும். மெஷினை ஒவ்வொரு முறை மாற்றி அமைக்கும்போதும் அரை மில்லிமீட்டர் எங்கேயாவது தப்பும், அதனால்தான் இப்படி. ஆனால் முதல் பலகையை மட்டும் ஆரம்பத்திலிருந்து கீல் வைப்பது வரை முழுசாகச் செய்து, மூடித் திறந்து, அம்மாவையும் குழந்தைகளையும் உட்காரவைத்து ஓர் ஆட்டம் ஆடவிடு. என் முதல் பலகையில் குழி 42 மில்லிமீட்டர்தான் வைத்திருந்தேன். அம்மா விரல் நுழையச் சிரமப்பட்டாள். அவளுக்கு மூட்டு வீக்கம் என்பதைக் குழியின் அளவில்தான் கவனித்தேன். அன்றைக்குத்தான் 50 ஆக்கினேன்.

ஒரு பலகையின் இரண்டு பாதியும் ஒரே மரத்துண்டிலிருந்து அடுத்தடுத்து வர வேண்டும். திறந்து வைத்தால் ரேகை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடும். அதற்காக அறுக்கும் முன்பே பென்சிலால் முக்கோணம் போட்டு, 1 முதல் 44 வரை எண் எழுது. 88 துண்டும் கலைந்துவிட்டால் அப்புறம் ஜோடி சேர்க்க ஒரு நாள் போய்விடும்.

மரத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். முதல் வருஷம் நான் தோற்றது இதில்தான். ஆவணியில் போய், "நன்றாகக் காய்ந்தது" என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கினேன். 24 பலகை செய்தேன். நவராத்திரி நெருங்குவதற்குள் ஒன்பது பலகை வளைந்துவிட்டது. மூடினால் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. அந்த ஒன்பதையும் யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது ஆசாரிகள் கைக்கணக்கு. நமக்கு அவ்வளவு நாள் இல்லை. ஆகவே பழைய வீடு இடிக்கிற இடத்தில் தேக்குக் கைமரமோ நிலையோ தேடு. ஐம்பது அறுபது வருஷம் கூரைக்குக் கீழே காய்ந்த மரம் இனி அவ்வளவாக அசையாது. ஈரப்பதம் பார்க்கிற குத்துக் கருவி ஒன்று வாங்கிக்கொள், 12 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் எடு. பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும், அறுக்கக் கொடுக்கும் முன் காந்தத்தால் முழுக்கத் தடவு. தேக்கில் இருக்கிற சிலிக்கா வாய்முனையைச் சீக்கிரம் மழுக்கும். அதனால் பிட் கார்பைடு என்கிற கெட்டியான முனை உள்ளதாகவே இருக்கட்டும்.

எவ்வளவு மரம்? துண்டை 440க்கு 90, கனம் 32 என்று தாராளமாக எடுத்தால் 88 துண்டுக்குக் கிட்டத்தட்ட 4 கன அடி. கணு, வெடிப்பு, ஆணி ஓட்டை கழிய 5 வாங்கு.

இந்த இடத்தைக் கவனமாகப் படி. ஒரு பக்கம் மட்டும் குழி தோண்டினால் மரத்துக்குள் இருக்கிற இறுக்கம் மாறும், காய்ந்த மரம்கூடக் கொஞ்சம் வளையும். ஆகவே முதலில் 28 மில்லிமீட்டர் கனத்தில் நிறுத்தி, ஃபார்ஸ்ட்னர் வேலையை மட்டும் முடி. கனம் 3 கூடியிருப்பதால் அந்த ஓட்டையின் ஆழத்தையும் 11லிருந்து 14 ஆக்கிக்கொள். துண்டுகளுக்கு நடுவே சின்னக் குச்சிகள் வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி ஒரு வாரம் விடு. அப்புறம் குழியுள்ள முகத்தை இழைத்துச் சமமாக்கி 25க்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகு ரூட்டர். இந்த ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதே. அந்த ஒன்பது பலகையை இன்னும் வைத்திருக்கிறேன், வந்து பார்.

கீலை ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து 88 எண்ணி வாங்கு. கடைக்குக் கடை அளவு மாறும். பித்தளைத் திருகாணி மென்மையானது, தேக்கில் தலை முறிந்துவிடும். முன்துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஒரு தடவை ஓட்டி எடுத்துவிட்டு, பித்தளையில் மெழுகு தடவி ஏற்று. கீலுக்கு நாலு என்றால் 352 திருகாணி. மின் திருப்புளியில் முறுக்கத்தைக் குறைத்து வை, கடைசிச் சுற்று கையால் இருக்கட்டும்.

தூசியை நீ லேசாக எடுத்துக்கொள்கிறாய். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. உன் ஷெட்டின் கதவு சமையலறைக்குத் திறக்கிறது, குழந்தைகள் அங்கேதான் ஓடுகிறார்கள். ரூட்டரோடு சேர்த்து வேக்யூம் ஓட வேண்டும், உன் மூக்கில் என்95 முகமூடி இருக்க வேண்டும், அந்தக் கதவு மூடியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாத நாளில்கூட மெஷினைத் தொடாதே. ரூட்டரும் வேக்யூமும் சேர்ந்தால் 3000 வாட், அதாவது 13 ஆம்பியர். விளக்குக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் இழுத்து ஓட்டினால் ஒயர் சூடாகும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் பிளக்கும், மின்கசிவு வந்தால் 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கிற ஆர்சிசிபியும் போடச் சொல். டேபிள் சாவுக்கு எடுத்துவைத்த காசில் முதல் செலவு இதுதான். காதுக்கு மூடியும் வாங்கு. மதியம் இரண்டு முதல் நாலு வரை பக்கத்து வீட்டுப் பெரியவர் தூங்குவார், அந்த நேரத்தில் உப்புத்தாள் வேலை வைத்துக்கொள்.

குழிகளைத் தேய்க்க ரப்பர் பந்தைப் பாதியாக அறுத்து, மேலே உப்புத்தாள் சுற்றிக் குழிக்குள் வைத்துத் திருகு. 80, 120, 180 என்று மூன்று சுற்று. குழந்தைகளுக்கும் முகமூடி மாட்டி வாசலில் உட்காரவை, சந்தோஷமாகச் செய்வார்கள்.

மெருகுக்கு நான் அரக்கைத்தான் சொல்வேன். சீவல் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசினால் ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும். 44 பலகைக்கும் ஒரே நாளில் இரண்டு பூச்சு போடலாம். ஆளிவிதை எண்ணெயில் பூச்சுக்குப் பூச்சு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும், பலகைகளைப் பரப்பி வைக்க உனக்கு இடமும் இல்லை. மழை ஈரம் உள்ள நாளில் மட்டும் அரக்குப் பூசாதே, வெள்ளை படரும். ஸ்பிரிட் பக்கத்தில் விளக்கு வேண்டாம். எண்ணெய்தான் என்று நீ பிடிவாதம் பிடித்தால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் கொடியில் விரித்துக் காயப்போடு. சுருட்டிய எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

காய்க்குக் குன்றிமணி போடலாம் என்று எழுதியிருந்தாய். பார்க்க அழகுதான், ஆனால் வேண்டாம். அதை ஒரு குழந்தை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சோழி போடு, இல்லையென்றால் புளியங்கொட்டை. குழிக்கு ஐந்து என்றால் 70, தொலைவதற்கு ஐந்து சேர்த்து 75. நாற்பது பைக்கு 3000 கொட்டை. அம்மா இந்த வருஷம் புளி கொட்டையெடுத்தபோதே சேர்த்து, கழுவிக் காயவைத்துவிட்டாள். சுருக்குப்பை தைக்கப் பழைய பட்டுப்புடவை ஒன்றையும் எடுத்துவைத்திருக்கிறாள்.

ஆடி முடிவதற்குள் மரம் ஷெட்டுக்கு வந்துவிடட்டும். ஆவணி முழுக்கக் குழி. மகாளய அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பே மெருகு முடிந்திருக்க வேண்டும்.

என் வார்ப்புப் பலகையை நாளைக்குப் பஸ் பார்சலில் போடுகிறேன். அதை வைத்து உன்னுடையதைப் பிரதி எடுத்துக்கொள், நேராக அதிலேயே வேலை செய்யாதே. நாலாவது குழியின் இடது ஓரத்தில் பிட் கடித்த இடம் இருக்கிறது. மக்கு வைத்து அடைத்திருக்கிறேன், ஆனாலும் பிரதி எடுக்கும்போது அந்த ஓட்டைக்குப் பதில் ஐந்தாவதைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா