அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தாலும்

காசிமேட்டில் எங்கள் தெருப் பஞ்சாயத்தில் உட்காரும் பெரியவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு மொட்டை மாடியில் டியூஷன் எடுக்கிறவள் எழுதுகிறேன்.

போன வாரம் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நடத்தினேன். இரண்டு பேரும் செத்ததற்கு யார் காரணம் என்று கேட்டதும் பிள்ளைகள் பாதிரியாரைத்தான் பிடித்தார்கள். ஜூலியட் செத்தவள் போலக் கிடக்க மருந்து கொடுத்தவர் அவர். அந்த விவரத்தை ரோமியோவுக்கு எழுதி அனுப்பிய கடிதமும் போய்ச் சேரவில்லை; அவள் நிஜமாகவே செத்துவிட்டாள் என்று நம்பி அவனும் செத்தான், விழித்தெழுந்த அவளும் செத்தாள். கடிதம் கொண்டுபோனவரைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்து அடைத்துவிட்டார்கள். 2020இல் ராயபுரம் பக்கம் தகரம் அடித்துத் தெருவை மூடியதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் கேட்டாள்: "கடிதம் போயிருந்தா மட்டும் அவங்க அப்பா விட்டுடுவாரா டீச்சர்?"

அப்புறம் ஜூலியட்டின் அப்பா வரும் காட்சியை மறுபடி படித்தோம். ஜூலியட்டுக்கு இன்னும் பதினான்கு முடியவில்லை. பாரிஸ் என்பவனோடு வியாழக்கிழமை கல்யாணம் என்று நாள் குறித்துவிட்டார். ஒரே ஒரு வார்த்தை பொறுமையாகக் கேளுங்கள் என்று அவள் மண்டி போட்டுக் கெஞ்சுகிறாள். பேசாதே, கை துறுதுறுக்கிறது என்கிறார் அவர். கல்யாணத்துக்கு மறுத்தால் தெருவில் பிச்சையெடுத்துச் சாகட்டுமாம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பால் கொடுத்து வளர்த்த தாதியே பாரிஸைக் கட்டிக்கொள் என்கிறாள். இத்தனைக்கும் பிறகுதான் அவள் பாதிரியாரிடம் ஓடுகிறாள்.

சின்னஞ்சிறுசுகள் அவசரப்பட்டார்கள் என்பீர்கள். உண்மைதான், பார்த்த மறுநாளே ரகசியக் கல்யாணம். ஆனால் அவள் சம்மதம் சொன்னதுபோல் நடித்ததும், கல்யாணத்தைப் புதன்கிழமைக்கே இழுத்தவர் அப்பா. அதனால் ஒரு ராத்திரி முன்னதாகவே அவள் மருந்தைக் குடிக்க வேண்டியதாயிற்று. கடிதத்துக்கு இருந்த அவகாசத்தில் ஒரு நாளை அவரே பறித்துக்கொண்டார்.

இது ஏதோ அந்த நாடகம் நடக்கும் வெரோனா ஊர்க் கதை மட்டும் இல்லை. 2003இல் விருத்தாசலம் அருகே சாதி மாறிக் கல்யாணம் செய்த இரண்டு பேரை விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். அந்த வழக்கில் பெண்ணின் அப்பாவும் அண்ணனும் தண்டனை பெற்றார்கள், காவல்துறையினரும் பெற்றார்கள்.

போன வருஷம் நம் தெருப் பெண்ணுக்காகக் கூடினீர்களே, அவளுக்கு 20 வயது. பையன் வேறு சாதி. வயது வந்த இரண்டு பேரின் கல்யாணத்தில் எந்தக் கூட்டமும் தலையிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. நீங்கள் இரண்டு மணி நேரம் பேசினீர்கள், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். மறுநாள் விடியுமுன் பெரியம்மா ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கல்லூரி அதோடு நின்றது.

உங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நானும் அங்கேதான் இருந்தேன். "பெரியவங்க சொல்றதைக் கேளும்மா" என்று அவள் காதில் சொன்னவள் நான்தான். அந்தத் தாதியின் வசனத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது எனக்குக் குரல் எழவில்லை.

அவளுக்கு இன்னும் இரண்டு செமஸ்டர் பாக்கி. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடும்போது, அவளை அழைத்துவரச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவள் அப்பா கேட்பார். வந்ததும் முதலில் அவளைப் பேச விடுங்கள். இந்த முறை நான் அவள் பக்கத்தில் உட்காருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தெரு டியூஷன் டீச்சர்