தலைமாட்டில் நிற்கப் போகும் மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் நலம். நீ அனுப்பிய கல்லூரிக் கையேடுகளை அப்பா கடையில் கொடுத்து அச்செடுத்து வந்தார். சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து வரி விடாமல் படித்தேன். தொலைபேசியில் பேசினால் உன் இரவுப் பணிக்கும் என் தூக்கத்துக்கும் நடுவே பாதிப் பேச்சு விட்டுப்போகிறது என்பதால் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன். மயக்கவியல் செவிலியர் படிப்புக்குப் போகலாமா, போவதென்றால் இந்த ஆண்டே விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தாய். முதல் கேள்விக்கு என் பதில், தாராளமாகப் போ என்பதுதான். இரண்டாவதற்கு, இந்த ஆண்டு வேண்டாம், இன்னும் ஒரு வருடமாவது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டுப் போ என்பேன். காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். படித்தபின்னும் உனக்கு ஒப்பவில்லையென்றால் சண்டை போடு, கேட்டுக்கொள்கிறேன்.

உன் சித்தி, "நர்ஸ் எப்படி மயக்கம் கொடுப்பாள், அதற்கு முனைவர் பட்டம் வேறு எதற்கு?" என்று கேட்டதாகச் சொன்னாய். அவள் கேட்டதில் வியப்பில்லை. நம் நாட்டில் மயக்கம் கொடுப்பது எம்.டி. அல்லது டி.ஏ. என்ற மயக்கவியல் பட்டயம் படித்த மருத்துவரின் வேலை. எங்களைப் போன்ற ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர்கள் மருந்தை ஊசியில் ஏற்றி வைப்பது, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா என்று பார்த்து நீட்டுவது, சக்ஷன் குழாயைத் தயாராக வைப்பது, சொன்னபோது தொண்டைக் குருத்தெலும்பை அழுத்திப் பிடிப்பது என்று பக்கத்தில் நிற்போம். நீ இருக்கும் அமெரிக்காவிலோ இது மருத்துவர்கள் அண்மையில் இறக்கிக் கொடுத்த வேலையன்று. ஏறத்தாழ 150 ஆண்டுகளாகச் செவிலியர் கையில் வளர்ந்து வந்தது. 1846இல் பாஸ்டனில் ஈதரின் பயன் பலர் முன்னிலையில் காட்டப்பட்டதற்குப் பிறகு வெகுகாலம் ஈதர் ஊற்றும் பொறுப்பு பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்களிடமே விடப்பட்டது. கத்தி பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களின் கண், நோயாளியின் முகத்தில் நிற்காமல் அறுவை நடக்கும் இடத்துக்கே ஓடியது. முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காத ஒருவரைத் தேடிய அறுவை மருத்துவர்கள்தான் செவிலியரிடம் வந்தார்கள். பென்சில்வேனியாவின் ஈரி நகரிலுள்ள புனித வின்சென்ட் மருத்துவமனையில் 1877இல் மயக்கம் கொடுக்கத் தொடங்கிய சிஸ்டர் மேரி பெர்னார்ட் என்ற கன்னியரின் பெயர்தான் இந்த வரிசையில் முதலாவதாகச் சொல்லப்படுகிறது. மினசோட்டாவில் அறுவை மருத்துவர்களான மேயோ சகோதரர்களோடு பணியாற்றிய ஆலிஸ் மகா, தாமும் உடன் பணியாற்றியவர்களும் கொடுத்த 14,000க்கும் மேற்பட்ட மயக்கங்களில் மருந்தால் ஒரு சாவும் நேரவில்லை என்று 1906இல் கட்டுரையாகவே பதிப்பித்தார். ஈதரைச் சொட்டுச் சொட்டாக முகமூடித் துணிமேல் விட்டுக்கொண்டே நோயாளியிடம் பேச்சுக் கொடுத்து அமைதிப்படுத்துவது அவருடைய முறை.

நீ குடியிருக்கும் கிளீவ்லாந்திலேயே, லேக்சைடு மருத்துவமனையில் ஜார்ஜ் க்ரைல் என்ற அறுவை மருத்துவருக்கு மயக்கம் கொடுத்த அகதா ஹாட்ஜின்ஸ் அங்கே பயிற்சிப் பள்ளி நடத்தி, 1931இல் இத்தொழிலுக்கான தேசியச் சங்கத்தையும் தொடங்கினார். உரிமம் இல்லாமல் மருத்துவம் செய்கிறார் என்று டாக்மர் நெல்சன் என்ற செவிலியர் மேல் மருத்துவர்கள் தொடுத்த வழக்கில், கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1936இல் நெல்சன் பக்கமே தீர்ப்பளித்தது. சித்திக்கு இவ்வளவையும் சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள்.

இந்த வரலாற்றை நான் ஆர்வமாகப் படித்ததற்குக் காரணம், அந்தக் கண்ணை எடுக்காத கவனத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நான் தியேட்டரில் சேர்ந்த காலத்தில் எங்களிடம் பல்ஸ் ஆக்சிமீட்டர் கிடையாது. மயக்கம் கொடுக்கும் பாயில்ஸ் மெஷின், இரத்த அழுத்தமானி, மார்பில் ஒட்டிய ஸ்டெதாஸ்கோப், அவ்வளவுதான். எங்கள் மயக்க மருத்துவரம்மா ஒரு கையை மெஷினின் மூச்சுப் பையிலிருந்து எடுக்கமாட்டார். மறு கையின் விரல் நோயாளியின் காதுக்கு முன்னால் துடிக்கும் நாடியில் இருக்கும். அவ்வப்போது தலையை நிமிர்த்தி, "சார், ரத்தம் கறுப்பாக வருகிறதா?" என்று மட்டும் கேட்பார்; ஆக்சிஜன் குறைந்தால் ரத்தம் கறுக்கும். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காதபடி ஒருவர் மணிக்கணக்கில் நின்று காத்தார் என்பது நோயாளியின் வீட்டாருக்குத் தெரியவும் தெரியாது. ஊருக்குப் போய் அறுவை செய்தவரின் பெயரைத்தான் சொல்வார்கள். வார்டில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்பவர்களைப் பற்றி நீ மகிழ்ச்சியாகப் பேசுவாய். அந்த மகிழ்ச்சி இங்கே மிகக் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்.

இனி அந்தக் கூடுதல் வருடத்துக்கு வருகிறேன். ப்ரோபோஃபால் என்ற மயக்க மருந்து உடலுக்குள் போனதும் இரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்கும். நல்ல உடல்நிலையில் இருக்கும் இளைஞனுக்கு அது பெரிதில்லை; இரத்தத்தில் கிருமி பரவிய முதியவருக்கும் பெருந்தமனி வால்வு சுருங்கியவருக்கும் அதுவே உயிருக்கு உலை. நாங்கள் ஸ்கோலின் என்றும் நீங்கள் சக்சினைல்கோலின் என்றும் சொல்லும், தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தைக் கொடுத்த ஒரு நிமிடத்துக்குள் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். முன்கூட்டி முகமூடியில் கொடுத்த ஆக்சிஜன் நுரையீரலில் எவ்வளவு தங்கியிருக்கிறதோ அவ்வளவுதான் உன்னிடம் இருக்கும் நேரம். பருமனானவருக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அது இன்னும் குறையும். குரல்வளை கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் அடுத்து என்ன செய்வாய் என்பதை மருந்தைச் செலுத்துவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் கல்லூரியில் கற்றுத் தருவார்கள், சரி. ஆனால் அழுத்தம் சரியும்போது, இது இரத்தம் குறைந்ததாலா, இதயம் சோர்ந்ததாலா, குழாய்கள் தளர்ந்ததாலா என்று பதறாமல் பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஐ.சி.யூ. படுக்கையருகே நின்றவளுக்குத்தான் வரும். குறைந்தது ஓராண்டு முழுநேரத் தீவிர சிகிச்சை அனுபவம் வேண்டும் என்று விதி வைத்திருப்பது அதனால்தான். நீ அந்த ஓராண்டை இப்போதுதான் முடித்திருக்கிறாய். அதிலும் முதல் சில மாதங்கள் மூத்தவர் ஒருவர் உன் தோளுக்குப் பின்னால் நின்ற காலம்.

ஆகவே, முடிந்தால் இதய அறுவை ஐ.சி.யூ.வுக்கு மாற்றம் கேள். பைபாஸ் முடிந்து தியேட்டரிலிருந்து நேரே வருபவரை ஏற்றுக்கொண்டு, தமனிக்குள் இருக்கும் குழாய் காட்டும் அலையைப் படித்து, பல பம்புகளில் ஓடும் மருந்துகளை ஒன்றுக்கொன்று கூட்டியும் குறைத்தும், வென்டிலேட்டரிலிருந்து அவரை விடுவிக்கும் வரை நீயே பார்த்துக்கொண்ட இரவுகள் சில சேர்ந்தபின் விண்ணப்பம் எழுது. நேர்முகத் தேர்வில், இரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்எபினெஃப்ரின் எந்த ஏற்பியில் வேலை செய்கிறது என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். இந்த நோயாளிக்கு அதை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று அடுத்துக் கேட்டால் மனப்பாடம் உதவாது. தீவிர சிகிச்சைச் செவிலியருக்கான சி.சி.ஆர்.என். சான்றிதழ்த் தேர்வுக்கு இரண்டு ஆண்டுகளில் 1,750 மணி நேரப் பணி கேட்கிறார்கள். உனக்கு அது சேர்ந்துவிட்டிருக்கும், இந்த வருடத்திலேயே எழுதி முடித்துவிடு.

முனைவர் பட்டத்தைப் பற்றி என் கருத்தையும் கேட்டாய். 1998இலிருந்து இந்தப் படிப்புக்கு முதுகலை கட்டாயமாக இருந்தது. 2022 ஜனவரி முதல் புதிதாகச் சேர்பவர்கள் எல்லாரும் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர முடியும், அது குறைந்தது 36 மாதம். உன் மாமா பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதி வாங்கிய பட்டம் வேறு, இது வேறு. டி.என்.பி. என்ற இந்தச் செவிலியப் பணி முனைவர் பட்டம் தொழில் செய்பவருக்கானது. மருத்துவமனையில் உள்ள ஒரு நடைமுறைச் சிக்கலை எடுத்து, தீர்வொன்றைச் செய்து பார்த்து, பலனை எழுத வேண்டும். மயக்கம் கொடுக்கும் கைக்கு இந்தக் கூடுதல் காலம் எவ்வளவு உதவுகிறது என்பதில் எனக்கு ஐயம்தான். ஆனாலும் விதி அதுவென்றான பின் முணுமுணுப்பதைவிட உருப்படியான தலைப்பை எடுப்பது நல்லது. தியேட்டரிலிருந்து ஐ.சி.யூ.வுக்கு நோயாளியை ஒப்படைக்கும்போது என்னென்ன தகவல் விட்டுப்போகிறது என்று நீ அடிக்கடி புலம்புவாயே, அதையே எடுத்துக்கொள்ளலாம். இப்போதிலிருந்தே குறிப்பேட்டில் எழுதி வா, நோயாளியின் பெயரில்லாமல்.

கல்லூரியை அதன் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதே. படிப்பு முடிவதற்குள் குறைந்தது 600 அறுவைகளில் மயக்கம் கொடுத்திருக்க வேண்டும், 2,000 மணி நேரம் மருத்துவப் பயிற்சி இருக்க வேண்டும். அதற்குள்ளும் குழந்தைகள், பிரசவம், இதயம், மூளை என்று வகைவாரியாகக் குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு. எண்ணிக்கையை எல்லாக் கல்லூரியும் நிறைவு செய்யும். பயிற்சி மருத்துவர்கள் நிறைந்த பெரிய மருத்துவமனையில் குழாய் இறக்கக் கடினமான மூச்சுக்குழாயும் நரம்புத் தடுப்பு ஊசியும் உன் கைக்கு வருமா, அல்லது பக்கத்தில் நின்று பார்ப்பதோடு போய்விடுமா என்பதைத்தான் கேட்க வேண்டும். அதை இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் கேள், வரவேற்பு அலுவலகத்தில் கேட்காதே. முதல் முயற்சியிலேயே தேசியத் தேர்வில் தேறுவோர் எத்தனை விழுக்காடு, நடுவில் விட்டுப் போவோர் எத்தனை விழுக்காடு என்பதை ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட்டாக வேண்டும்; உன் கையேடுகளில் இரண்டாவது எண்ணைக் கடைசிப் பக்கத்தில் சிறு எழுத்தில் போட்டிருந்த கல்லூரியைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன்.

தனியாக மயக்கம் கொடுக்கும் அதிகாரத்தைப் பற்றி நீ கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. ஒகையோவில் மருத்துவரின் மேற்பார்வையில்தான் வேலை. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் விதிப்படியான மேற்பார்வைத் தேவையிலிருந்து 2001இல் அயோவா முதலாவதாக விலகியபின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விலகியிருக்கின்றன. பெருநகர மருத்துவமனைகளில் ஒரு மயக்க மருத்துவர் நான்கு அறைகள் வரை மேற்பார்க்க, ஒவ்வோர் அறையிலும் ஒரு செவிலியர் நிற்பார். கிராமப்புற மருத்துவமனைகள் பலவற்றில் இந்தச் செவிலியரைவிட்டால் மயக்கம் கொடுக்க ஆளே இல்லை. இரு தரப்புச் சங்கங்களும் பட்டப்பெயருக்காக நடத்தும் சச்சரவில் நீ தலையிட வேண்டாம். முதல் சில ஆண்டுகள், மூத்தவர் ஒருவரைக் கூப்பிட்டால் ஓடி வரக்கூடிய இடத்தில் வேலை செய். தனியாக நிற்கும் ஆசை இருந்தால் அதற்கு முன் அந்த ஆண்டுகள் கழியட்டும்.

பணம். அரசின் தொழிலாளர் புள்ளிவிவரக் கணக்கில் இத்தொழிலின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 2 இலட்சம் டாலருக்கு மேல் என்பதை உறவினர்கள் எல்லாரும் அறிந்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் கல்விக் கட்டணமும் வாடகையும் கட்ட வேண்டும், படிப்போடு வேலை பார்க்கப் பெரும்பாலான கல்லூரிகள் விடுவதில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு இல்லை என்று ஆகிவிட்டதால், நீ அவசரப்பட்டுச் சேர்ந்தாலும் பொறுத்துச் சேர்ந்தாலும் அது கிடைக்கப் போவதில்லை. சாதாரணப் பட்டமேற்படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர் என்ற வரம்புக்குள்தான். தொழிற்படிப்பு என்று வகைப்படுத்தியவற்றுக்கு 50,000. உன் படிப்பு எந்த வகையில் வைக்கப்படுகிறது என்பதை ஒவ்வொரு கல்லூரியின் நிதி அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு வாங்கு. தனியார் வங்கிக் கடனில் கையெழுத்திடும் முன் எங்களிடம் சொல். மாதாமாதம் எங்களுக்கு அனுப்பும் பணத்தை இந்த மாதத்திலிருந்தே நிறுத்திச் சேமித்து வை. என் ஓய்வூதியம் எங்கள் இருவருக்கும் போதும்; இதில் வாதம் வேண்டாம்.

இன்னொன்றை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். வலிநீக்கியான ஃபென்டனைலும் மயக்க மருந்தான ப்ரோபோஃபாலும் நாள் முழுவதும் கையில் புழங்கும் தொழில் இது. மருத்துவரானாலும் செவிலியரானாலும் அவற்றின் போதையில் சிக்கி வாழ்வையே இழந்தவர்கள் இத்துறையில் உண்டு. கெட்டவர்கள்தான் சிக்குகிறார்கள் என்று எண்ணாதே. களைப்பும் தூக்கமின்மையும் யாரிடமும் சொல்லாத துயரமும் நல்ல கைகாரர்களையும் அங்கே தள்ளுகின்றன. மீந்த மருந்தைச் சாட்சியின் முன்னால்தான் கொட்ட வேண்டும் என்ற விதியை ஒருநாளும் தளர்த்தாதே, யாருக்காகவும் பார்க்காமல் கையெழுத்திடாதே. தூக்கம் கெட்டு மனம் சோர்ந்தால், நேரம் பார்க்காமல் என்னைக் கூப்பிடு.

கல்யாணப் பேச்சை அப்பா தள்ளிப்போட்டுவிட்டார். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியவை. உன் பி.எஸ்சி. மதிப்பெண்களை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றி மதிப்பிட அதிகாரபூர்வமான மதிப்பெண் பட்டியல் மூடிய உறையில் வேண்டும் என்று கையேடுகளில் கண்டேன். அதைக் கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில்தான் வாங்க வேண்டும்; உன் சார்பில் அப்பா போவதற்கு நீ கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் பட்டச் சான்றிதழின் நகலும் இருந்தால் வசதி. இரண்டையும் இந்த வாரத்திலேயே அனுப்பு. உயிர்வேதியியலில் உன் மதிப்பெண் சற்றுக் குறைவாகத்தான் இருக்கிறது. அங்கே ஏதாவதொரு கல்லூரியில் அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி படித்து நல்ல மதிப்பெண் வாங்க இந்த வருடம் தோதாக இருக்கும். பெரியப்பா மகன் வீட்டுத் திருமணத்துக்காக அப்பா அடுத்த மாதம் சென்னை போகிறார், அப்போதே கிண்டி வேலையையும் முடித்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா