நாலு செடியும் பேஸ்மென்ட் சுவரும்

ஆசிரியருக்கு,

வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்பது பற்றித் தங்கள் பத்திரிகையில் கடந்த வாரம் வந்த கட்டுரையை வாசித்தேன். 2018 ஒக்ரோபர் 17 முதல் கனடாவின் கூட்டாட்சிச் சட்டம் ஒரு வீட்டுக்கு 4 செடிகளை அனுமதிக்கிறது என்று சரியாகவே எழுதியிருந்தீர்கள். (ஆளுக்கு நாலு என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள்.) கியூபெக் மாகாணம் அதையும் தடுத்தது, அந்தத் தடை செல்லும் என 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கட்டுரை ஈரத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ஸ்காபரோவில் எங்கள் பேஸ்மென்ட்டில் குடியிருந்த தம்பி நல்ல பிள்ளை, வாடகை ஒருநாளும் பிந்தியதில்லை. உடுப்பு அலுமாரிக்குள் சின்னக் கூடாரம் அடித்து 3 செடிதான் வைத்திருந்தார். வளரும்வரை நாளுக்கு 18 மணித்தியாலம் விளக்கு, பூக்க வைக்க 12. ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதியை இலைகள் ஆவியாக விட்டுவிடும். ஜன்னல் இல்லாத அறையில் அது எங்கே போகும்? மாசியில் கூடாரத்தை நகர்த்தினால், பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சணம். சுவர்ப்பலகையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மணத்தை அம்மாவிடம் சாம்பிராணி என்று சொல்லிச் சமாளித்தது தனிக்கதை. அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்ல முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் நாங்கள் இதுபற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

செடி வளர்க்கலாமா, வளர்த்தால் ஈரக்காற்றை வெளியே தள்ளும் விசிறி யார் பொறுப்பு, மின்கட்டணம் யாருக்கு என்பதை வீடு கொடுப்பவர்கள் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கான மாதிரிப் பந்தி ஒன்றைச் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு தமிழில் எழுதுவித்துத் தாங்கள் வெளியிடலாமே.

வாசகி,
ஸ்காபரோ