கசெட் பெட்டியை எறியவில்லை

அன்புள்ள தீபனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் "அந்தக் கசெட் பெட்டியைத் தூக்கி எறியுங்கோ அம்மா, எல்லாம் இப்ப யூடியூப்பில கிடக்கு" என்றாய். நானும் ஓமென்று சொல்லிவிட்டு வைத்தேன். எறியவில்லை. காரணத்தைப் போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் "சரி சரி" என்று வேறு கதைக்குப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

வீட்டை விற்கிற பேச்சு வந்ததிலிருந்து பேஸ்மென்டை ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன். ஃபர்னஸுக்குப் பக்கத்தில், உன் பழைய ஹொக்கிச் சப்பாத்துக்குக் கீழே பெட்டி இருந்தது. 19 வீடியோ கசெட். மூன்றில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, அவற்றை டெக்கில் போடவில்லை. போட்டால் பூஞ்சணம் டெக்கின் தலையில் ஒட்டி மற்றக் கசெட்டுகளுக்கும் பரவுமாம். புது டெக் வாங்கலாமென்றால் உலகத்தில் கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த ஜப்பான் கொம்பனியும் 2016இல் நிறுத்திவிட்டது. பெரியப்பா வீட்டு டெக்கைத்தான் தூசு தட்டி எடுத்து வந்தேன். அது இரண்டு தடவை நாடாவைத் தின்னப் பார்த்தது. பென்சிலை விட்டுச் சுற்றி மீட்டெடுத்தேன், அந்த வித்தை கை மறக்கவில்லை.

இப்போது ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு டெக் பாவிக்கத் தெரியாது, அதனால்தான் பாட்டெல்லாம் வெட்டுப்பட்டது என்று நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு நன்றாகத் தெரியும். வேண்டுமென்றுதான் வெட்டினேன்.

வெல்லஸ்லி வீதி அப்பார்ட்மென்ட் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ பேப்பர் போடப் போவாய். மச்மியூசிக் ரீவியில் பவர் அவர் என்கிற ஹெவி மெட்டல் பாட்டு நிகழ்ச்சி தொடங்கும்போது சிவப்புப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டுப் போவாய். "அம்மா, எஸ்பியில வையுங்கோ, ஈபியில வைச்சா படம் வடிவா வராது." நான் ஈபியில்தான் வைத்தேன். எஸ்பியில் ஒரு கசெட் இரண்டு மணித்தியாலம், ஈபியில் ஆறு. கசெட் வாங்கிற காசு யாருடையது? அப்புறம் பாட்டு வந்தால் போஸ் பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்துவேன், ஆட்கள் பேட்டியில் கதைக்கத் தொடங்கினால் பதிவை ஓட விடுவேன். நீ வந்து போட்டுப் பார்த்து "திரும்பவும் கதையைப் பிடிச்சு வைச்சிருக்கிறீங்கள்!" என்று கத்துவாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு, "எனக்கென்னடா தெரியும்" என்பேன்.

ஏன் செய்தேனென்றால், பயத்தில். நாங்கள் கனடாவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. 1990 கோடையில் அமெரிக்காவில் ரீனோ என்கிற ஊரில் ஜூடஸ் பிரீஸ்ட் என்கிற மெட்டல் குழு மேல் வழக்கு நடந்தது. 1985 மார்கழியில் இரண்டு பெடியன்கள் குடித்துவிட்டு அவர்களுடைய இசைத்தட்டைக் கேட்டுவிட்டு ஒரு கோயில் வளவுக்குள் போய்த் துவக்கால் சுட்டுக்கொண்டார்கள். ஒருவன் அங்கேயே போனான், மற்றவன் முகம் சிதைந்து மூன்று வருடம் இருந்து போனான். ஒரு பாட்டுக்குள்ளே 'செய்' என்று ஒளித்து வைத்திருக்கிறார்கள், அது பிள்ளைகளின் மனதுக்குள் போய்விட்டது என்று குடும்பங்கள் வழக்குப் போட்டன. அந்தப் பாட்டைக்கூட இவர்கள் எழுதவில்லை, ஸ்பூக்கி டூத் என்கிற வேறொரு குழுவின் பாட்டு. இரவுச் செய்தியில் ஜூடஸ் பிரீஸ்ட் பாடகர் ரொப் ஹால்ஃபோர்ட் கோட் சூட் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போவதைப் பார்த்தேன். அதே ஆளின் படம் உன் அறைச் சுவரில், தோல் உடுப்பும் ஆணியுமாக.

உனக்கு அப்போது 14 வயது. ஊரில் பிள்ளைகளை யார் கூட்டிக்கொண்டு போவார்களோ என்று பயந்துதான் விமானம் ஏறினேன். இங்கே வந்து ஒரு பாட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போனால்? அப்பாவிடம் சொன்னேன். "பேய்ப் பாட்டு, ரீவியை உடை" என்றார், அவ்வளவுதான் அவருடைய ஆலோசனை. பாட்டில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதனால் ஆட்கள் கதைப்பதைக் கேட்டு அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்ப்போம் என்று நினைத்தேன். உளவு பார்த்தேன் என்று வைத்துக்கொள்.

ஆவணியில் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அந்தச் சத்தம் தற்செயலாகச் சேர்ந்தது, யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை என்று. அதற்குள் எனக்கு உளவு வேலை பழகிப்போயிருந்தது. விட மனம் வரவில்லை.

இங்கிலிஷ் காதில் ஏறியதும் கசெட்டில் கதைத்த இந்த ஆட்களால்தான். பகல் வகுப்பில் சொல்லித் தந்த இங்கிலிஷைத் தெருவில் யாரும் கதைக்கவில்லை. இவர்கள் கதைத்தார்கள். இங்கிலாந்து பர்மிங்ஹாம் ஆட்களுடையது மட்டும் பாதிக்கு மேல் விளங்காது. கியூபெக்கில் இருந்து வந்த வொய்வொட் குழுப் பெடியன்களும், பிரேசில்காரர் செபுல்டுரா குழுவும் கதைத்தால் எனக்குச் சந்தோஷம். அவர்களுக்கும் இங்கிலிஷ் இரவல் பாஷை. சொல்லைத் தேடி நிற்பார்கள், நானும் கூட நின்று தேடுவேன். பவர் அவர் போய் பவர் 30 வந்த பிறகு டெரேசா ரொன்கன் என்கிற பிள்ளை கேள்வி கேட்கும். சிரித்துச் சிரித்து, ஆனால் ஆளை வழுவ விடாமல். அந்தப் பிள்ளை கேட்ட மாதிரி நான் உன்னிடம் கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் சொல்லியிருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாம் கசெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1992, பிளாக் சபத் குழுவின் பேட்டி. பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ திரும்பக் குழுவில் சேர்ந்திருந்த வருடம். முதலில் கிட்டார்காரர் டோனி அயோமி தன் விரல் கதை சொல்கிறார். அன்று பாதிதான் விளங்கியது, இந்த முறை மூன்று தரம் திருப்பிப் போட்டேன். 17 வயதில் தகரத் தொழிற்சாலையில் வேலை. அதுதான் கடைசி நாள், அடுத்து இசைக் குழுவோடு வெளிநாடு போவதாக இருந்தவர். அன்றைக்குப் பார்த்து யந்திரம் வலது கையின் இரண்டு விரல் நுனியை எடுத்துவிட்டது. அவர் இடக்கைக்காரர், வலது கையால்தான் தந்தியை அழுத்த வேண்டும். இனி முடிந்தது என்று இருந்தவருக்குத் தொழிற்சாலை மனேஜர் ஒரு இசைத்தட்டுக் கொண்டு வந்து கொடுத்தாராம், ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. நெருப்பில் கை கருகி இரண்டு விரலை வைத்தே வாசித்த மனிதர். அதைக் கேட்டுவிட்டு அயோமி பாத்திரம் கழுவுகிற திரவம் வருகிற பிளாஸ்டிக் போத்தலை உருக்கித் தன் விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்தி போட்டார். பிறகு நோகாமல் இருக்கத் தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். நீ சுவர் அதிர வைத்த அந்த அடித் தொண்டைச் சத்தத்தில் ஒரு தொழிலாளியின் வெட்டுப்பட்ட விரலும் இருக்கிறது. இதைத் தெரிந்திருந்தால் அப்பாவே சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய கட்டைவிரல் பேக்கரி மெஷினில் போய்த் தப்பியது உனக்குத் தெரியும்தானே.

அடுத்து டியோ. ஆள் சின்னன், கண் மட்டும் பெரிசு. எல்லாரும் பேயின் அடையாளம் என்று சொன்ன அந்தக் கொம்புக் கை, சுட்டுவிரலும் சுண்டுவிரலும் நீட்டுவது, அது அவருடைய ஆச்சியிடம் இருந்து வந்ததாம். இத்தாலிக்கார ஆச்சி. தெருவில் போகும்போது யாராவது கண்ணூறு படப் பார்த்தால் கையை அப்படி நீட்டிக் கழித்துவிடுவாராம். முன்பு பாடிய ஓசி ஒஸ்போர்ன் இருந்த இடத்துக்கு வந்து பாடத் தொடங்கியபோது, ஓசியுடைய இரண்டு விரல் சமாதான அடையாளத்தை நான் எப்படிக் காட்டுவது என்று யோசித்து ஆச்சியின் கையை எடுத்துக்கொண்டாராம். பல இடத்தில் சொன்ன கதைதான். ஆனால் எங்கள் கசெட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? டியோ கையைத் தூக்குகிறார். ஒரு கோடு ஓடுகிறது. படம் இரண்டு தரம் துள்ளுகிறது. உடனே நாதஸ்வரம்! சித்தியின் மகளுடைய சாமத்தியச் சடங்கு. திரும்பப் பதிவாகாமல் இருக்க உடைத்து வைத்திருந்த கசெட் காதுக்கு மேலே செலோடேப் ஒட்டி அப்பா கொப்பி எடுத்திருக்கிறார். நேராக வருவது ஆராத்தி. இரண்டு மாமிமார் தட்டைச் சுற்றிச் சுற்றிக் கண்ணூறு கழிக்கிறார்கள்.

தனியாக இருந்து சிரித்தேன் தீபன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வெட்டை யூடியூப்பில் எங்கே தேடுவாய்?

ஹால்ஃபோர்டுடைய பேட்டி எட்டாம் கசெட்டில். வழக்கு முடிந்த பிறகு எடுத்தது. உனக்கு அவர் மேல் எவ்வளவு பைத்தியம் என்று தெரிந்தும் 1991 ஆவணியில் இங்கே ரொறன்ரோவில் நடந்த கச்சேரிக்கு உன்னை விடவில்லை. அன்றுதான் மேடைக்கு மோட்டார் சைக்கிளில் வந்தவர் பாதி உயர்ந்த தளத்தில் முட்டி மூக்கை உடைத்துக்கொண்டார். "விட்டிருந்தா நான் பார்த்திருப்பன்" என்று நீ ஒரு மாதம் புலம்பினாய். சரி, அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், உனக்கு 15 வயது.

ஆனால் பேட்டியை இப்போது பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. 1998 மாசியில் அவர் எம்ரிவி பேட்டியில், தான் ஆண்களை விரும்புகிறவர் என்று சொன்னதை நீதான் வேலையால் வந்து எங்களுக்குச் சொன்னாய். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, நல்லதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். இந்தக் கசெட்டில் அவர் வழக்கைப் பற்றிக் கதைக்கிறார், குரலைப் பற்றிக் கதைக்கிறார், தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்று அது எனக்குப் படவேயில்லை. எத்தனை கேமராவுக்கு முன் அப்படி மரியாதையாகச் சிரித்துக்கொண்டு இருந்திருப்பார். கோர்ட்டில் அவர் பாட்டுக்குள்ளே எதை ஒளித்து வைத்தார் என்று தேடினார்கள். தேடவேண்டியதைத் தேடவில்லை, தேடியிருந்தாலும் அது அவர்களுக்குரியதல்ல. 2003இல் குழு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அது எனக்கு நிம்மதி, ஏனென்று கேட்காதே.

ரஷ் குழுவின் கசெட்டை உனக்குப் பிடிக்காது என்று தெரியும், "அது மெட்டல் இல்லை அம்மா" என்பாய். எனக்கு அவர்கள்தான் நெருக்கம். அதில் பாடுகிற கெடி லீ எங்கள் ஊர்க்காரர், வில்லோடேல். தாயும் தகப்பனும் போலந்தில் இருந்து நாஸி முகாம்களில் தப்பி வந்த யூதர்கள். அவருடைய உண்மையான பெயர் கேரி. தாய்க்கு அது வாயில் வராது, போலந்து நாக்கில் 'கெடி' என்றுதான் விழும். கூட்டாளிமார் அதையே பெயராக்க, அவரும் சட்டப்படி மாற்றிக்கொண்டார். தாயின் பிழையான உச்சரிப்பு உலகம் முழுக்க இசைத்தட்டில் அச்சாகிவிட்டது! உன்னை வகுப்பில் 'டீப்' ஆக்கினார்கள், நான் பள்ளிக்கூடம் போய்த் திருத்தப் பார்த்தேன். எனக்கு இங்கிலிஷ் வராமல் நின்றதும், நீ வெட்கத்தில் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றதும் எனக்கு மறக்காது.

கெடிக்கு 12 வயதில் தகப்பன் செத்துப்போனார். தாய் நியூமார்க்கெட்டில் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். பெடியன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பாட்டுக்குப் போனதில் அந்த மனுஷிக்கு எவ்வளவு வேதனை இருந்திருக்கும். ஆனால் 1974இல் முதல் இசைத்தட்டு வந்தபோது கடை முழுக்க அவர்களுடைய போஸ்டர் ஒட்டி, காசில்லாத பிள்ளைகளுக்குத் தட்டைச் சும்மா கொடுத்தாராம். 2021இல் அந்தத் தாய் செத்தபோது பத்திரிகையில் படித்தேன். படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டேன். உன்னுடைய கிட்டாரை நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றி டிசம்பரில் நேரில் கதைப்போம்.

ஓசியைப் பற்றி ஒன்று. அவர் செத்த செய்தி வந்த அன்று, 2025 ஆடி 22, நீ மெசேஜ் மட்டும் அனுப்பினாய். அன்றே பெட்டியைத் தேடியிருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை. 1992இல் 'இனி ஊர் சுற்றிப் பாட மாட்டேன்' என்று அந்தச் சுற்றுலாவுக்கே பெயர் வைத்துப் பாடிவிட்டு மூன்று வருடத்தில் திரும்பி வந்தார். எங்கள் வித்துவான்மார் தோற்றுப்போவார்கள். கடைசியில் உண்மையாகவே விடைபெற்றது அந்த ஆடி 5ஆம் திகதி, பிறந்த ஊரான பர்மிங்ஹாமில், எழும்ப முடியாமல் கறுப்புச் சிம்மாசனத்தில் இருந்தபடி. பிளாக் சபத்தின் பழைய நாலு பேரும் மேடையில் ஒன்றாக இருந்தார்கள், அயோமி விரல் தொப்பியோடு. 17 நாளில் போய்விட்டார். எங்கள் கசெட்டில் அவர் கையில் கோக் டின் வைத்துக்கொண்டு யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். சத்தம் இல்லை, அந்த இடத்தில் ஒலித்தடம் அழிந்துவிட்டது.

கடையில் கேட்டேன், கசெட்டை கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவார்களாம். பூஞ்சணம் பிடித்த மூன்றையும் தனியாகத் துடைக்க வேண்டும், அதற்கு வேறு காசு. மூன்றாம் கசெட்டை மட்டும் யாரிடமும் கொடுக்க மனம் இல்லை. நீ கால்கரியில் இருந்து வரும்போது உன் கையால் எடுத்துப் போ. அப்பா அதைத் தன் கசெட் என்கிறார், நாதஸ்வரத்துக்காக.

இன்னொன்று கேட்க வேண்டும். பதினோராம் கசெட்டில் உன் கையெழுத்தில், சிவப்பு மையில், 'அம்மா தொடக் கூடாது' என்று எழுதி இரண்டு தரம் கீறியிருக்கிறாய். நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. பார்க்கட்டுமா, வேண்டாமா?

அன்புடன்,
அம்மா